ஒரு பக்கம் மட்டும் பால் குடிக்கும் குழந்தை

கேள்வி: என் ஆறு வாரக் குழந்தை இடது மார்பில் நன்றாகக் குடிக்கிறது. வலது பக்கம் வைத்தால் திமிறி அழுகிறது. அந்தப் பக்கம் பால் குறைவு என்கிறார் மாமியார். உரம் (கழுத்துப் பிடிப்பு) விழுந்திருக்குமா?

பதில்: பாலைக் குறை சொல்லுமுன் கழுத்தைப் பாருங்கள். மடியில் குறுக்காகக் கிடத்தும்போது இடது மார்புக்குக் குழந்தை தன் வலப்புறம் திரும்ப வேண்டும். வலது மார்புக்கு இடப்புறம். காதின் பின்னிருந்து காறையெலும்பு வரை ஓடும் தசை ஒரு பக்கம் இறுகியிருந்தால், தலை அந்தப் பக்கம் சாயும், மோவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். கருப்பையில் நெருக்கமாகக் கிடந்த குழந்தைகளிடம் இது அபூர்வமல்ல. உறங்கும்போதும் முகம் எப்போதும் வலப்புறமே இருக்கிறதா, பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகிறதா என்று கவனியுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: இடது மார்பில் குடிக்கும் குழந்தையைத் திருப்பாமல் அப்படியே வலப்பக்கம் நகர்த்துங்கள், கால்கள் உங்கள் வலது அக்குளுக்கடியில் போகட்டும். அப்போது அமைதியாகக் குடித்தால், பால் குறைவு என்ற வாதம் நிற்காது.

இந்தக் கழுத்து இறுக்கம் வளர வளரச் சரியாகிவிடும் என்பார்கள். லேசானது சரியாகலாம், ஆனால் முதல் மாதங்களில் பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே தேவைப்படாது. காத்திருந்தால் சிகிச்சை நீளும். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டவோ கழுத்தை இழுக்கவோ தயவுசெய்து விடாதீர்கள். காறையெலும்பு முறிவு, காதுவலி ஆகியவற்றாலும் குழந்தை ஒரு பக்கத்தை மறுக்கும் என்பதால், குழந்தை மருத்துவர் தொட்டுப் பார்த்த பிறகே பயிற்சி. காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் அன்றே போங்கள். அதுவரை, மறுக்கும் பக்கத்துப் பாலைப் பீய்ச்சி ஊட்டுங்கள், சுரப்பு குறையாது.