ஜப்பானில் தனியாகச் சாப்பிடப் போகிறீர்களா?

அலுவலக வேலையாகவோ ஊர் சுற்றவோ ஜப்பானுக்குத் தனியாகக் கிளம்புகிற நம்மவர்கள் பெட்டியில் முதலில் வைப்பது புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும்தான். அவசரத்துக்கு அவை இருக்கட்டும். ஆனால் போன நாளிலிருந்து திரும்பும் நாள்வரை விடுதி அறையில் வெந்நீர் வைத்துக் கப் நூடுல்ஸை மட்டும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மொழி தெரியாத ஒற்றை ஆள் தைரியமாக நுழைந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வர ஜப்பானைப் போல வசதியான ஊர் அபூர்வம். அங்கே வேலைக்குப் போகிறவர்களில் பலர் தினமும் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். சமையற்கட்டைப் பார்த்தபடி வரிசையாக ஒற்றை நாற்காலிகள் போட்ட கவுன்டர்கள் அவர்களுக்காகவே உள்ளவை. நீங்கள் போய் உட்கார்ந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கிடைக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், எப்படி ஆர்டர் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். வாயைத் திறக்காமல் ஆர்டர் கொடுக்க முடிகிற கடைதான் முதல் இரண்டு மூன்று நாளைக்கு உங்கள் கடை.

இதில் முதலிடம் டிக்கெட் மெஷின் வைத்த கடைகளுக்கு. ராமென் நூடுல்ஸ் கடை, ரயில் நிலையத்தில் நின்றபடியே சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடை, மாத்ஸுயா போன்ற அரிசிச் சோற்றுக் கடைகள் பலவற்றில் வாசலிலோ கதவைத் தாண்டியதுமோ ஆளுயர மெஷின் நிற்கும். பழைய வகையில் முதலில் பணத்தைப் போட வேண்டும். உங்கள் பணத்துக்கு வாங்கக்கூடிய பட்டன்களில் விளக்கு எரியும். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் இடப்பக்கம் மேல் மூலையில் இருப்பதை அழுத்துங்கள். பெரும்பாலும் அந்தக் கடையின் பேர்போன பண்டம் அதுதான். தீப்பெட்டி அகலத்தில் ஒரு சீட்டு விழும். மீதிச் சில்லறை தானாக வராவிட்டால் பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும், அதைத் திருகுங்கள். புதிய வகை தொடுதிரை மெஷின்களில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முதலில் பண்டம், பிறகு பணம்.

நோட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலையில் ஜப்பான் புதிய 1,000, 5,000, 10,000 யென் நோட்டுகளை வெளியிட்டது. சின்னக் கடைகளின் பழைய மெஷின்கள் சில, புது நோட்டைத் துப்பிவிடும்; பெரிய நோட்டை எந்த வருஷத்ததானாலும் வாங்காத மெஷின்களும் உண்டு. 100, 500 யென் நாணயங்களைக் கையில் வைத்திருங்கள். ரயிலுக்கு வாங்கும் ஸுயிகா அட்டை பல சங்கிலிக் கடைகளில் சாப்பாட்டுக்கும் செல்லும்.

சீட்டைக் கவுன்டரில் வைத்ததும் எதிரே நிற்பவர் ஏதோ கேட்பார். பெரும்பாலானவர்கள் மிரளுவது இந்த இடத்தில்தான். அவர் கேட்கக்கூடிய கேள்விகள் அதிகமில்லை. நின்று சாப்பிடும் நூடுல்ஸ் கடை என்றால் "சோபாவா, உதோனா?" என்று கேட்பார், ஒரே சீட்டுக்கு இரண்டில் எதையும் வாங்கலாம் என்பதால். சோபா பழுப்பு நிறத்தில் மெலிதாக இருக்கும், உதோன் வெள்ளையாகத் தடியாக இருக்கும். ராமென் கடை என்றால் நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும் என்பார். "ஃபுத்ஸூ" என்று சொல்லுங்கள். வழக்கம்போல, சாதாரணமாக என்று அர்த்தம். அநேகமாக எல்லாக் கேள்விக்கும் அது ஒத்துப்போகும்.

ஃபுகுஓகாவில் தோன்றிய இச்சிரான் ராமென் கடை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு. காரம், பூண்டு, நூடுல்ஸின் பதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வட்டமிட்டுக் கொடுத்தால் போதும், ஆங்கிலத் தாளும் உண்டு. எதிரே மூங்கில் திரைக்குக் கீழே இரண்டு கைகள் கிண்ணத்தை வைத்துவிட்டு மறையும். சூப்பு பன்றி எலும்பில் செய்தது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அடுத்தது, வாசல் கண்ணாடிக்குள் பண்டங்களின் மாதிரிகளை அடுக்கியிருக்கும் கடைகள். நெய் மினுங்கும் சோறு, விளிம்பு பொரிந்த வெங்காயம், சூப்பில் மிதக்கும் வெங்காயத்தாள் வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். கிஃபு மாநிலத்து குஜோ ஹாச்சிமான் ஊர்க்காரரான இவாசாகி தகிஸோ 1932-ல் ஒஸாகாவில் மெழுகில் தொடங்கிய தொழில் இது. இன்று பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். உங்களுக்கு வேண்டியதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் காட்டி, "கோரே, ஒனெகாய்ஷிமாஸ்" என்றால் போதும். இது வேண்டும், தயவுசெய்து. பணியாளை வாசலுக்கே கூட்டிவந்து காட்டினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

பச்சை மீன் வேண்டாம் என்பவர்கள்கூட ஒரு முறை சுழல் பெல்ட் சுஷி கடைக்குப் போய்ப் பாருங்கள். ஷிராஇஷி யோஷிஆகி என்பவர் பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் ஓடுவதைப் பார்த்து, 1958-ல் ஒஸாகாவில் முதல் சுழல் கடையைத் திறந்தார். இப்போதைய சங்கிலிக் கடைகளில் வாசல் திரையில் ஆள் எண்ணிக்கை 1 என்றும் கவுன்டர் என்றும் தொட்டால் இருக்கை எண் போட்ட சீட்டு வரும். இருக்கையில் ஆங்கிலத் திரை. நீங்கள் கேட்டது நேராக உங்கள் முன்னால் வந்து நிற்கும். முட்டை, வெள்ளரிக்காய், சோளம் வைத்த சுஷி, உதோன், உருளைக்கிழங்கு வறுவல், கேக் எல்லாம் உண்டு. கவுன்டரில் கறுப்புப் பொத்தான் வைத்த ஒரு குழாய் தெரியும். அது கை கழுவ அல்ல. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வரும். பக்கத்தில் இருக்கும் பச்சைத் தேயிலைப் பொடியைக் கோப்பையில் போட்டு அதில் பிடித்துக் குடிப்பதற்கானது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் யோஷினோயா, ஸுகியா போன்ற கடைகளின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஒதுங்கிப் போக வேண்டியதில்லை. அவற்றின் முக்கியப் பண்டம் மாட்டிறைச்சிச் சோறுதான். ஆனால் காலை நேரத்தில் அங்கே சோறு, வாட்டிய சால்மன் துண்டு, மிஸோ சூப்பு என்று ஒரு தட்டு கிடைக்கும். மீன் சாப்பிடுகிற தமிழருக்கு இதைவிடப் பாந்தமான காலைச் சாப்பாடு டோக்கியோவில் மலிவாகக் கிடைக்காது.

இனி சைவக்காரர்களின் பாடு. இங்கேதான் நீங்கள் வாயைத் திறந்தாக வேண்டும், அதுவும் முன்கூட்டித் தயார் செய்துகொண்டு.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. அதைப் பெரும்பாலும் கத்சுவோபுஷியில் எடுக்கிறார்கள்: சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை மாதிரி உலர்த்திச் சீவியது. இலங்கையிலும் மினிக்காயிலும் மாசிக்கருவாடு என்று செய்கிறார்களே, அதுவும் இதே மீன்தான். மிஸோ சூப்பு, சோபாவின் குழம்பு, டெம்புரா காய்கறி வறுவலைத் தோய்க்கும் சாறு, வேகவைத்த பூசணிக்காய், இனிப்பாக வேகவைத்த தோஃபு உறைக்குள் அடைத்த சோறு, எல்லாவற்றிலும் இது இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் நல்ல மனசோடு மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். "மீனும் வேண்டாம்" என்றால் மீன் துண்டு வராது, மீன் சாறு வந்துவிடும்.

ஒவ்வாமைப் பட்டியலை நம்பியும் ஏமாறாதீர்கள். பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை என்று ஜப்பான் வைத்திருப்பது முட்டை, பால், கோதுமை, சோபா தானியம், நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்ற சில மட்டும். மீன் அதில் கிடையாது. பட்டியலில் ஒரு குறியும் இல்லாத பண்டத்திலும் மீன் சாறு இருக்கலாம்.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்: சாற்றில் மீன் இருந்தால் பரவாயில்லையா, கூடவே கூடாதா? பரவாயில்லை என்றால் பாதி நாடு உங்களுக்குத் திறந்துவிடும். கூடாது என்றால் ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சைவம் என்ற ஒற்றைச் சொல் போதாது. இறைச்சி, கோழி, மீன், இறால், கத்சுவோ தாஷி, இறைச்சிச் சூப்பு கூடாது; காய்கறி, தோஃபு, கோம்பு கடற்பாசி, பால் ஆகும் என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். முட்டை எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். கியோத்தோவில் ஒரு சின்னக் கடையில் இந்த அட்டையைக் கொடுத்தேன். கடைக்கார அம்மா இரண்டு முறை படித்தார். உள்ளே போய், ஒரு கையில் கறுப்பான கோம்புப் பட்டையும் மறு கையில் மீன் சீவல் பொட்டலமுமாக வந்து, இரண்டையும் என் முன்னே நீட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் கோம்பைத் தொட்டேன். அதில் எடுத்த சாற்றில் தோஃபுவை வேகவைத்துக் கொண்டுவந்தார். கூட்டமில்லாத நேரத்தில், சின்னக் கடையில் இது நடக்கும். மதியம் 12 மணிக்கு அலுவலகக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது அட்டையை நீட்டாதீர்கள்.

அட்டையே தேவைப்படாத இடங்களும் உண்டு. டோக்கியோ நிலையத்தில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே டீஸ் தான்தான் என்ற முழுச் சைவ ராமென் கடை இருக்கிறது. பால், முட்டைகூடக் கிடையாது. கியோத்தோ தென்ரியூஜி கோயில் வளாகத்தில் ஷிகெத்ஸு என்ற இடத்தில் ஷோஜின் ரியோரி என்ற பௌத்தத் துறவிகளின் சைவச் சாப்பாட்டைப் பரிமாறுகிறார்கள். வகாயாமா மாநிலத்துக் கோயாசான் மலையில் கோயில் விடுதியில் தங்கினால் இரவும் காலையும் அதே சாப்பாடு: எள்ளில் செய்த தோஃபு, உறையவைத்து உலர்த்திய தோஃபு, கோம்பும் காளானும் ஊறவைத்த சாறு. இரவுச் சாப்பாடு 6 மணிக்கெல்லாம் போட்டுவிடுவார்கள், தாமதமாகப் போகாதீர்கள். நாக்கு நம் காரத்துக்கு ஏங்கினால் கின்ஸாவில் 1949-ல் ஏ. எம். நாயர் தொடங்கிய நாயர்ஸ் இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, ராஷ் பிஹாரி போஸோடு விடுதலைப் போரில் நின்றவர் அவர். சைவம் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே பேர்போனது கோழிக் கறி.

சைகைகளில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நாம் சரி என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். அவர்களுக்கு அது வேண்டாம் என்று படும். மேலும் கீழுமாக ஒருமுறை அசையுங்கள். முன்கைகளைக் குறுக்கே போட்டுக் காட்டினால் இல்லை என்று பொருள்: இடமில்லை, தீர்ந்துவிட்டது, மூடிவிட்டோம், ஏதோ ஒன்று. கோபம் இல்லை அது. தலை தாழ்த்திவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பணியாளைக் கூப்பிட "சுமிமாசென்" என்று சற்று உரக்கச் சொல்லலாம், மரியாதைக் குறைவில்லை. நுழையும்போது ஒரு விரலைக் காட்டுங்கள். கைபேசிக் கேமரா மொழிபெயர்ப்பு அச்சடித்த மெனுவுக்கு நன்றாக உதவும், சுவரில் தூரிகையால் எழுதித் தொங்கவிட்டதில் தடுமாறும்.

குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், குச்சியிலிருந்து குச்சிக்குப் பண்டத்தை மாற்றாதீர்கள். இரண்டும் சாவுச் சடங்குக்கு உரியவை. குச்சி வரவில்லை என்றால் ஸ்பூன் கேளுங்கள், தருவார்கள்.

தனியாளுக்குச் சரிப்படாதவை என்றால் நாபெ என்னும் சட்டிக் குழம்புக் கடைகள். குறைந்தது இரண்டு பேருக்கு என்றுதான் போடுவார்கள். முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாத உயர்தரச் சுஷிக் கடைகளை விடுதி வரவேற்பாளர் மூலம்தான் அணுக வேண்டும். இசகாயா என்ற இரவு மதுக்கடைகளுக்குக் கொஞ்சம் பழகிய பிறகு போகலாம், கவுன்டரில் இடம் கேளுங்கள். உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் வரும். அதன் பெயர் ஓதோஷி, பில்லில் பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை ஏறும். இருக்கைக்கான கட்டணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன இசகாயாக்களில் புகை பிடிப்பதும் இன்னும் உண்டு. பில் வேண்டும் என்றால் இரு ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்துக் காட்டலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் கல்லாவில் இருக்கும் சிறு தட்டில் வையுங்கள். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறையை விட்டு வந்தால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் பல கடைகள் மூடி மாலை 5 மணி சுமாருக்குத்தான் திறக்கும். வாசலில் துணித் திரை தொங்கினால் கடை நடக்கிறது என்று பொருள். இரவில், மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். தவறவிட்டால் 24 மணி நேரமும் விளக்கெரியும் கொன்பினி என்ற சிறு பல்பொருள் கடைகளில் முக்கோணச் சோற்று உருண்டை கிடைக்கும், 200 யென்னுக்கு உள்ளேயே பல வகை. நடுவில் உமெபோஷி என்ற புளிப்பான ஊறுகாய்ப் பழம் வைத்தது நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். மீன் சாறே ஆகாதவர்கள் அதன் உறையையும் கேமராவில் படித்துவிட்டு வாங்குங்கள். பிரிக்கும்போது உறையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். 1 என்ற நாடாவை உச்சியிலிருந்து கிழித்துக்கொண்டே முதுகுப்பக்கம் வரை வாருங்கள், பிறகு 2, 3 மூலைகளை ஒவ்வொன்றாக இழுங்கள். வரிசை மாறினால் மொறுமொறுப்பான கடற்பாசித் தாள் சோற்றில் ஒட்டாமல் உறையோடு வந்துவிடும்.