பட்டாளத்துச் சின்னங்கள்: சேர்ப்போருக்கு 9 குறிப்புகள்

தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியிலோ பழைய பித்தளைச் சாமான் கடையிலோ ராணுவத் தொப்பி பேட்ஜ் கிடைத்தால், அதைப் பொக்கிஷமாகக் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

1. புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். பழுப்பேறிய நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி.

2. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மூங்கில் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி, கத்தி கூடாது.

3. காலத்தைக் கணிக்கக் கிரீடத்தைப் பாருங்கள். 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானபோது, ராணுவச் சின்னங்களில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது.

4. பேட்ஜைத் திருப்பிப் பாருங்கள். தகட்டில் அச்சடித்ததென்றால், முன்புறம் மேடாக இருப்பது பின்புறம் பள்ளமாகத் தெரியும். சொரசொரப்பு, பொடித் துளைகள், மங்கிய எழுத்து இருந்தால் அது வார்ப்பு. போலிகள் பலவும் இப்படித்தான் வரும். ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவிலேயே வார்த்த அசல் பேட்ஜ்களும் உண்டு. அவற்றில் மேடான இடங்களும் பின்பக்க வளையங்களும் இயல்பாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. துணிச் சின்னங்களைக் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கில் காட்டுங்கள். வெண்மையூட்டி சேர்த்த இக்கால நூல் பளிச்சென்று ஒளிரும். சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

6. ஜரிகைச் சின்னத்தைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது. கம்பளித் துணியில் பூச்சி விழுந்திருந்தால், பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி இரண்டு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், ஒருநாள் கழித்துப் பிரித்தால் துணியில் ஈரம் கோக்காது.

7. ரப்பர் பேண்டிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், செய்தித்தாளும் பி.வி.சி. உறையும் உலோகத்தை அரிக்கும். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டப்பாவில் வையுங்கள்.

8. பதக்கமும் கூட இருந்தால் அதன் விளிம்பைப் படியுங்கள். முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கத்தில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஒருவருடைய பதக்கங்களைப் பிரித்து விற்காதீர்கள்.

9. நூறாண்டு தாண்டிய வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. இணையத்தில் விற்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

யாருடையது என்று தெரியாத பேட்ஜ் வெறும் பித்தளையாகிவிடும். வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, அணிந்தவரின் பெயர், ஊர், படைப்பிரிவு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அதனுடனேயே வைத்துவிடுங்கள்.