லினக்சில் மெயின்ஃபிரேம் டெர்மினல்: வீட்டிலேயே பழகலாம்

கூத்தாநல்லூரை 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று கடல் தாண்டிப் போனவர்கள் அதிகம் உள்ள ஊர். விமான டிக்கெட் போட டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நன்கு பழகிய ஊழியர் மவுசைத் தொடவே மாட்டார். படமே இல்லாத ஒரு திரையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி டைப் செய்வார். என்டர் தட்டியதும் விமானங்களின் பட்டியல் வந்து நிற்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து 'சேபர்' என்ற டிக்கெட் பதிவு முறையை உருவாக்கின. 1964-ல் அது முழு அளவில் இயங்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர், ஊர் ஊராக டெர்மினல்கள். இந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குத்தான் மெயின்ஃபிரேம் என்று பெயர். வங்கிகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் பலவற்றில் மெயின்ஃபிரேம் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆட்களும் தேவைப்படுகிறார்கள்.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கு இதனால் என்ன லாபம்? மெயின்ஃபிரேம் பயிற்சிக்குப் பெரிய ஊர்களில் கணிசமான கட்டணம் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் அத்தா அனுப்பும் பணத்தையோ, அறுவடை முடிந்து கையில் வந்த பணத்தையோ கொண்டுபோய்க் கட்டிய பிறகு, "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று பிள்ளை சொன்னால் பணம் போனது போனதுதான். அதற்கு முன்பே, ஒரு பைசா செலவில்லாமல், வீட்டு கம்ப்யூட்டரில் பழகிப் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கான பாடம் இது.

டெர்மினல் என்றால் என்ன?

மானிட்டரும் கீபோர்டும் மட்டும் கொண்ட கருவி டெர்மினல். அதற்கென்று ஹார்ட் டிஸ்க் கிடையாது. வேலை முழுவதும் தூரத்தில் உள்ள மெயின்ஃபிரேமில் நடக்கும்.

ஐபிஎம் 1971-ல் '3270' என்ற டெர்மினல் வரிசையை அறிமுகப்படுத்தியது. அதில் பரவலான திரை அளவு 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 எழுத்துகள்.

இது வேலை செய்யும் விதத்தை பேங்க் சலானோடு ஒப்பிடலாம். சலானை மேசையில் வைத்துப் பெயர், கணக்கு எண், தொகை எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். முழுவதும் எழுதி முடித்த பிறகே கவுண்டரில் நீட்டுகிறீர்கள். 3270-யும் அப்படித்தான். நீங்கள் டைப் செய்வது முதலில் உங்கள் திரையில் மட்டும் இருக்கும். என்டர் அல்லது ஒரு பங்ஷன் கீயைத் தட்டும்போதுதான் நிரப்பிய விவரங்கள் மொத்தமாக மெயின்ஃபிரேமுக்குப் போகும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் மெயின்ஃபிரேம் திணறாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நம் நாட்டில்

சென்னை ஐஐடி-யில் 1973-ல் ஐபிஎம் 370/155 என்ற மெயின்ஃபிரேம் நிறுவப்பட்டது. 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பொறுப்பு, 1975-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சிஎம்சி-க்கு வந்தது. ரயில்வே முன்பதிவை கம்ப்யூட்டர் மயமாக்கியதும் இதே சிஎம்சிதான். அது 1985-ல் டெல்லியில் தொடங்கியது. ஆனால் அங்கே பயன்பட்டது ஐபிஎம் மெயின்ஃபிரேம் அல்ல, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கம்ப்யூட்டர்.

இந்தப் பாடத்தில் நாம் இயக்கப்போவது சென்னை ஐஐடி-க்கு வந்த அதே 370 குடும்பத்து மெயின்ஃபிரேமை. இயந்திரத்துக்குப் பதில் சாஃப்ட்வேர், அவ்வளவுதான்.

என்னென்ன தேவை?

1. லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எதுவானாலும் சரி. லினக்ஸ் ஓர் ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம். விலை கிடையாது.

2. எக்ஸ்3270 என்ற டெர்மினல் எமுலேட்டர். உங்கள் திரையில் ஒரு விண்டோவை 3270 டெர்மினலாக மாற்றித் தரும். இதுவும் ஓப்பன் சோர்ஸ். இதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் பால் மேட்டஸ்.

3. ஹெர்குலிஸ். 370 வகை மெயின்ஃபிரேமை சாஃப்ட்வேராகவே இயக்கும் புரோகிராம். 1999-ல் ரோஜர் பௌலர் வெளியிட்டார்.

4. மெயின்ஃபிரேமுக்கான ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஐபிஎம்மின் எம்விஎஸ் 3.8ஜே என்ற பழைய பதிப்பை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதையும் ஹெர்குலிசையும் சேர்த்து, தயார் நிலையில் 'டிகே4-' என்ற பெயரில் ஜூர்கன் விங்கெல்மன் தொகுத்துள்ளார். இணையத்தில் தேடி டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பெயரின் கடைசியில் உள்ள சிறு கோட்டையும் சேர்த்துத் தேடவும்.

புதிய கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்பதில்லை. எம்விஎஸ் 3.8-ன் முகவரி 24 பிட் கொண்டது. எனவே அதற்கு 16 எம்பி மெமரிக்கு மேல் பயன்படுத்தவே தெரியாது. பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரே தாராளம்.

நிறுவும் முறை

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்துள்ளோம். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் டைப் செய்யவும். சொற்களுக்கு இடையே ஓர் இடைவெளி விடவும்.

1. லினக்சின் டெர்மினல் விண்டோவைத் திறக்கவும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இது வேறு. இது லினக்சுக்குக் கட்டளை தரும் இடம்.

2. சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்3270 என்று டைப் செய்து என்டர் தட்டவும். பாஸ்வேர்டு கேட்கும். டைப் செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது. பயப்பட வேண்டாம், டைப் செய்து முடித்து என்டர் தட்டுங்கள்.

3. உங்கள் ஹோம் ஃபோல்டரில் டிகே4 என்று ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கவும். டவுன்லோட் செய்த சிப் ஃபைலை அதற்குள் வைத்து விரிக்கவும்.

4. அந்த ஃபோல்டருக்குள் காலியிடத்தில் ரைட் கிளிக் செய்து, டெர்மினலில் திறக்கும் வசதியைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அதையொட்டி எம்விஎஸ் என்று இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டவும்.

5. திரையில் வரிகள் மளமளவென்று ஓடும். அவை மெயின்ஃபிரேம் பூட் ஆகும்போது வரும் செய்திகள். ஓட்டம் நின்று டிகே4- என்ற பெயர் பெரிய எழுத்தில் தெரிந்தால் எம்விஎஸ் தயார். இந்த விண்டோவை மூடிவிடாதீர்கள். மூடினால் மெயின்ஃபிரேமின் மின்சாரத்தைப் பிடுங்கியது போல ஆகிவிடும்.

டெர்மினலை இணைத்தல்

1. இன்னொரு டெர்மினல் விண்டோ திறந்து, எக்ஸ்3270 லோக்கல்ஹோஸ்ட்:3270 என்று டைப் செய்யவும். லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கம்ப்யூட்டர்'. முக்காற்புள்ளிக்குப் பின் வருவது போர்ட் எண்.

2. புதிய விண்டோவில் டிகே4- முகப்பு தெரியும். முகப்பு மட்டும் வந்து லாகான் வரி தெரியாவிட்டால், ஆல்ட் கீயுடன் சி எழுத்தை அழுத்துங்கள். இது 'கிளியர்' கீ.

3. லாகான் என்ற இடத்தில் ஹெர்க்01 என்று டைப் செய்து என்டர். பாஸ்வேர்டு: சி, யூ, எல், 8, டி, ஆர். ஆங்கிலத்தில் உச்சரித்துப் பாருங்கள், 'சீ யூ லேட்டர்' என்று வரும்.

4. வரவேற்புச் செய்திகள் வரும். கீழே மூன்று நட்சத்திரக் குறிகள் தெரிந்தால் 'இன்னும் இருக்கிறது, என்டர் தட்டு' என்று பொருள். தட்டிக்கொண்டே வந்தால் ஒரு மெனு வரும்.

5. மெனுவில் 1 என்று டைப் செய்து என்டர் தட்டினால் ஆர்எஃப்இ என்ற எடிட்டர் வசதி வரும். மெயின்ஃபிரேம் ஊழியர்கள் நாள் முழுவதும் பார்க்கும் திரைகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எஃப்3 தட்டினால் ஒரு படி பின்னால் வரலாம். மெனுவிலும் எஃப்3 தட்டினால் 'ரெடி' என்ற சொல் வந்து நிற்கும்.

6. ரெடியில் டைம் என்று டைப் செய்யுங்கள். மெயின்ஃபிரேம் நேரத்தைச் சொல்லும். லிஸ்ட்கேட் என்று டைப் செய்தால் உங்கள் பெயரில் உள்ள ஃபைல்களின் பட்டியல் வரும். இங்கே ஃபைலுக்கு 'டேட்டாசெட்' என்று பெயர்.

கீபோர்டில் கவனிக்க வேண்டியவை

திரையில் எழுத அனுமதியுள்ள கட்டங்களும், கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. டாப் கீயை அழுத்தினால் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகும். கூடாத இடத்தில் டைப் செய்தால் கீழ் வரியில் எக்ஸ் குறி வந்து கீபோர்டு பூட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். ஆல்ட் கீயுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் பூட்டு திறக்கும்.

எஃப்1 முதல் எஃப்12 வரை, மெயின்ஃபிரேம் மொழியில் பிஎஃப்1 முதல் பிஎஃப்12. ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் பிஎஃப்13 முதல் பிஎஃப்24. பிஏ1 என்ற கீ வேண்டுமானால் ஆல்ட் கீயுடன் 1 அழுத்தவும். எதுவும் நினைவில் நிற்கவில்லையா? எக்ஸ்3270 விண்டோவின் மேல் மூலையில் உள்ள கீபேட் ஐகானைக் கிளிக் செய்தால் எல்லா கீகளும் பட்டன்களாக வரும்.

நிறுத்தும் முறை

இதுதான் மிக முக்கியம். ரெடியில் ஷட்டவுன் என்று டைப் செய்து என்டர் தட்டவும். உடனே லாகாஃப் என்று டைப் செய்து வெளியேறவும். எம்விஎஸ் தன் வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு, ஹெர்குலிஸ் தானாக நிற்கும். அதுவரை பொறுத்திருங்கள்.

நடுவில் கரண்ட் போனால் மெயின்ஃபிரேமின் டிஸ்க்குகள் பழுதாகலாம். கார்த்திகையில் மழையும் காற்றும் அடிக்கும்போது நம் பக்கம் கரண்டை நம்ப முடியாது. எனவே எல்லாம் சரியாக இயங்கிய முதல் நாளே, முறையாக ஷட்டவுன் செய்த பிறகு, டிகே4 ஃபோல்டரை முழுதாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதானால் காப்பியை எடுத்துப் போட்டால் போதும்.

எச்சரிக்கை

* இந்த பாஸ்வேர்டு உலகத்துக்கே தெரிந்தது. எனவே மோடம் அல்லது ரூட்டரில் 3270 போர்ட்டை வெளியே திறந்துவிடாதீர்கள்.

* வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆபீஸ் மெயின்ஃபிரேமுக்கும் எக்ஸ்3270 பயன்படலாம். ஆனால் அனுமதியும் முகவரியும் ஆபீஸ்தான் தர வேண்டும். அனுமதியின்றி பிறர் கம்ப்யூட்டரில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 ஆம் பிரிவுகளின் கீழ் வரும்.

* சாதாரண 3270 இணைப்பு டெல்நெட் முறையில் செல்வது. பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும். வெளி கம்ப்யூட்டருடன் இணையும்போது முகவரிக்கு முன் எல் எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்த்தால் டிஎல்எஸ் பாதுகாப்புடன் இணையும். எதிர்ப்பக்கமும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

சில சந்தேகங்கள்

*பழைய 3270 டெர்மினல் ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. லினக்சில் மாட்டலாமா?*

நேராக மாட்ட முடியாது. அதன் கேபிள் டிவி கேபிள் போலத் தெரியும், ஆனால் டிவி கேபிள் 75 ஓம், இது 93 ஓம். தவிர, அது கன்ட்ரோலர் என்ற தனிப்பெட்டி மூலமே மெயின்ஃபிரேமுடன் பேசும். விடி220 போன்ற சீரியல் டெர்மினல் கிடைத்தால் அதை லினக்சின் சீரியல் போர்ட்டில் இணைத்துப் பயன்படுத்தலாம்.

*எழுத்துகள் சிறிதாகத் தெரிகின்றன.*

இணைப்பு இல்லாத நேரத்தில் ஆப்ஷன்ஸ் மெனுவில் திரை அளவை மாடல் 2 என்று மாற்றுங்கள். 24 வரி மட்டும் இருக்கும். பிறகு அதே மெனுவில் ஃபான்ட்டைப் பெரிதாக்கலாம்.

*இணைப்பு மறுக்கப்பட்டது என்று செய்தி வருகிறது.*

ஹெர்குலிஸ் இன்னும் தயாராகவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. ஒரு நிமிடம் கழித்து மீண்டும் முயலவும்.

*இதைக் கற்றால் வேலை கிடைக்குமா?*

இது மட்டும் போதாது. எம்விஎஸ் 3.8 மிகப் பழையது. இன்று நிறுவனங்களில் இருப்பது அதன் வழிவந்த இசட்/ஓஎஸ். ஆனால் திரையின் போக்கு, டேட்டாசெட், ஜேசிஎல் ஆகியவற்றின் அடிப்படை மாறவில்லை. இவை கைவந்த பிறகு ஐபிஎம் இலவசமாக நடத்தும் 'இசட் எக்ஸ்ப்ளோர்' பயிற்சியில் சேர்ந்து இன்றைய மெயின்ஃபிரேமையே தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு மாதம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். படமில்லாத அந்தத் திரை பிடித்துப்போனால் தைரியமாகக் கட்டணம் கட்டிப் பயிற்சியில் சேரலாம். பிடிக்காவிட்டால் ஃபோல்டரை டெலிட் செய்துவிடுங்கள். பணம் உங்கள் கையிலேயே இருக்கும்.