பில் கவுன்ட்டரில் கேட்கும் மானிட்டர்

கேள்வி: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, அரசு மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். அப்போது 23 வயது. வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நிற்கும். ஓர் ஆக்ஸிஜன் பெட் காலியானால், வண்டி வண்டியாக ஏறிப் பார்த்து, யாரை உள்ளே எடுப்பது என்று சொல்வது என் வேலை. இப்போது சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். ஆனாலும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது கேட்கிற ‘பீப்’ சத்தத்துக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. தூங்க அல்பிரசோலம் நானே எழுதிப் போட்டுக்கொள்கிறேன். மனநல மருத்துவரிடம் போனால் பெயர் கெட்டுவிடுமோ என்று பயம். இத்தனை வருஷம் கழித்து இதற்கெல்லாம் வைத்தியம் உண்டா, டாக்டர்?

பதில்: உண்டு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு (சாச்சுரேஷன்) இறங்க இறங்க, பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் பீப்பும் சுருதி இறங்கும். மானிட்டரை நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துகொள்ள நாம் காதைப் பழக்கியிருக்கிறோம். டியூட்டி முடிந்துவிட்டதென்று அந்தக் காதுக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதற்கென்றே பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன.

ஆனால் நான் நின்றுபோனது ‘யாரை உள்ளே எடுப்பது’ என்ற வரியில். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை தந்த ஜோனதன் ஷே, ‘மாரல் இன்ஜுரி’ என்றார். சரியென்று நம்பியதற்கு மாறாக நடக்க நேர்ந்ததால் வரும் காயம். மனசாட்சிக் காயம் என்று வைத்துக்கொள்வோம். தூக்க மாத்திரை அதைத் தொடாது. பெட் போதாமல் போனதற்கு 23 வயது ஹவுஸ் சர்ஜன் பொறுப்பாக முடியாது. இதை நான் சொல்வதைவிட, அந்த வாசலில் உங்களோடு நின்ற யாரிடமாவது பேசிப் பாருங்கள். அவரும் தூங்காமல்தான் இருப்பார் என்பது என் ஊகம்.

பெயர் கெடும் பயம் உங்களுக்கு மட்டுமல்ல. நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை வகித்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக அமெரிக்காவில் 2022 மார்ச்சில் வந்த சட்டத்துக்கு அவர் பெயர்தான். இங்கே 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 23ஆவது பிரிவில், உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தெரிந்த முகம் வேண்டாமென்றால் வெளியூரில் பாருங்கள். முதலில் 14416-ஐ அழையுங்கள்; அது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், தமிழிலேயே பேசலாம்.

அல்பிரசோலத்தை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம், உங்களுக்குத் தெரியாததல்ல. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்தச் சீட்டை இனி வேறொருவர் எழுதட்டும்.