ஹைபிரிட் காரும் ஒரு கம்ப்யூட்டர்தான்! பேட்டரி டவுன் ஆகாமல் காப்பது எப்படி?

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, சுவரில் உள்ள ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருக்கிறீர்களா? கேபினட்டின் பின்புறம், நெட்வொர்க் கேபிள் செருகும் இடத்தில் ஒரு சிறிய விளக்கு எரிந்து கொண்டிருப்பதைப் பல கம்ப்யூட்டர்களில் பார்க்கலாம். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக் கொண்டே இருப்பதுதான் காரணம். இதற்கு ஸ்டேண்ட்பை மின்சாரம் என்று பெயர். நீங்கள் பவர் பட்டனை அழுத்துவதை மதர்போர்டு உணர்வதே இந்த 5 வோல்ட்டின் உதவியால்தான். இது நின்றுவிட்டால், மற்ற பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தாலும் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

ஹைபிரிட் கார்களிலும் இதே கதைதான். காலையில் பட்டனை அழுத்தினால் கார் அசையாது. "பெரிய பேட்டரி போய்விட்டது, பெரும் செலவாகுமே" என்று உரிமையாளர் பயந்து போவார். பெரும்பாலும் டவுன் ஆகியிருப்பது பெரிய பேட்டரி அல்ல. சாதாரணக் கார்களில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்!

இரண்டு பேட்டரி எதற்கு?

டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகப்படுத்திய பிரியஸ்தான் பெருமளவில் தயாரான முதல் ஹைபிரிட் கார். 2010-ல் இது இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. 2003-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை பிரியஸை உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

இதன் பின் இருக்கைக்குப் பின்னால் 28 மாட்யூல்கள் கொண்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி உள்ளது. ஒவ்வொரு மாட்யூலும் 7.2 வோல்ட். மொத்தம் 201.6 வோல்ட். சக்கரத்தைச் சுழற்றுவதும், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதும், ஏ.சி. கம்ப்ரஸரை ஓட்டுவதும் இந்தப் பேட்டரிதான். இந்தக் காரில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை.

ஆனால் பாதுகாப்புக்காக, கார் அணைந்திருக்கும்போது பெரிய பேட்டரி ரிலேக்கள் மூலம் முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டிருக்கும். அந்த ரிலேக்களை மூட உத்தரவிடுபவை காரில் உள்ள கம்ப்யூட்டர்கள். அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் தருவது 12 வோல்ட் பேட்டரி. எனவே சின்னது டவுன் ஆனால், பெரியது நிரம்பியிருந்தும் பயனில்லை.

'ரெடி' விளக்கைக் கவனியுங்கள்

பிரேக்கை மிதித்துக் கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டில் 'ரெடி' என்ற விளக்கு எரியும். அப்போதுதான் ரிலேக்கள் மூடி, டி.சி. டு டி.சி. கன்வர்ட்டர் என்ற பாகம் 201.6 வோல்ட்டைச் சுமார் 14 வோல்ட்டாகக் குறைத்து, சின்ன பேட்டரியை சார்ஜ் செய்யும்.

பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினாலும் ரேடியோ பாடும், திரை ஒளிரும். ஆனால் 'ரெடி' வராது, சார்ஜும் ஏறாது. எல்லாச் செலவும் 12 வோல்ட் பேட்டரியின் தலையில்தான். நண்பருக்காகக் காத்திருக்கும்போது பாட்டுக் கேட்க விரும்பினால், காரை 'ரெடி' நிலையில் வைத்து 'பி' கியரில் நிறுத்துங்கள். நியூட்ரலில் வைக்காதீர்கள். நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது.

எச்சரிக்கை: 'ரெடி' நிலையில் சத்தமே இல்லாமல் நிற்கும் கார், தேவைப்படும்போது தானாகவே எஞ்சினை ஸ்டார்ட் செய்யும். மூடிய கராஜில் இப்படி விட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு நிரம்பி உயிருக்கே ஆபத்தாகும். இறங்கும் முன் 'ரெடி' விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள்.

சும்மா நின்றாலும் செலவு

அலாரம், கடிகாரம், ஸ்மார்ட் கீயைத் தேடும் ரிசீவர் ஆகியவை கார் நிற்கும்போதும் விழித்திருக்கும். இவை 30 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கணக்குக்கு வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 30 நாளில் 21.6 ஆம்பியர்-மணி. பேட்டரியின் திறன் 35 ஆம்பியர்-மணி என்றால் பாதிக்கு மேல் காலி! உள்ளே 8 வாட் விளக்கு ஒன்றை அணைக்க மறந்தால் சுமார் இரண்டே நாளில் பேட்டரி தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. ஸ்மார்ட் கீயை காரின் அருகில் தொங்க விடாதீர்கள். கீயும் காரும் பேசிக் கொண்டே இருந்தால் இரண்டின் பேட்டரியும் குறையும்.

2. பல நாட்கள் நிறுத்துவதாக இருந்தால் ஸ்டீயரிங்கின் கீழே உள்ள ஸ்விட்ச் மூலம் ஸ்மார்ட் கீ வசதியை நிறுத்திடுங்கள். பிறகு கீயை அதற்கான துளையில் செருகித்தான் காரை இயக்க வேண்டும்.

3. வாரம் ஒரு முறை, திறந்த வெளியில், அரை மணி முதல் ஒரு மணி நேரம் 'ரெடி' நிலையில் வையுங்கள். ஓட்டி வந்தால் இன்னும் நல்லது.

4. மல்ட்டிமீட்டரால் சோதியுங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அடிக்கடி இப்படி ஆனால் பேட்டரியை மாற்றுங்கள்.

5. மாற்றும்போது அதே வகைப் பேட்டரியையே போடுங்கள். இது காரின் உள்ளே, டிக்கியின் வலது பக்கம் இருப்பதால் வாயுவை வெளியேற்றும் குழாயும் மறக்காமல் பொருத்தப்பட வேண்டும்.

டவுன் ஆகிவிட்டால்?

டிக்கி கதவு மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி டவுன் ஆனால் அதுவும் திறக்காது. பதற வேண்டாம். கீயின் உள்ளே இருக்கும் சாதாரணச் சாவியால் டிரைவர் கதவைத் திறந்து, பானெட்டைத் திறங்கள். அங்குள்ள ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியின் கீழ் பாசிட்டிவ் முனை இருக்கும். அதில் சிவப்பு கேபிளையும், பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் கறுப்பு கேபிளையும் இணையுங்கள். எஞ்சினைச் சுழற்றும் வேலை இல்லாததால் சிறிதளவு மின்சாரமே போதும். 'ரெடி' விளக்கு வந்ததும் கேபிளை எடுத்துவிடலாம்.

கேபிளை மாற்றி இணைத்துவிட்டால் ஃபியூஸோடு போகாது. விலை உயர்ந்த இன்வெர்ட்டரும் பழுதாகலாம். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அவற்றில் வருவது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம். உங்கள் ஹைபிரிட் காரைக் கொண்டு இன்னொருவரின் காரை ஸ்டார்ட் செய்யும் உபகாரமும் வேண்டாம்.

மற்ற மாடல்களில் பேட்டரி இருக்கும் இடமும் பட்டன்களும் மாறலாம். காருடன் வரும் கையேட்டை ஒரு முறை படித்துவிடுங்கள். கார் எழ மறுத்தால் பெரிய பேட்டரிக்கு விலை கேட்கும் முன், முதலில் அந்தச் சின்ன 12 வோல்ட்டை அளந்து பாருங்கள். பல சமயங்களில் பெரும் செலவு தப்பும்.