ஆபீஸ் போர்ட்டல்ல 'டொனேட்' பட்டன்: உங்க 500 ரூபாய் எந்தக் கணக்குல போகுது?

உங்க எச்.ஆர். போர்ட்டல்ல லீவ், பே-ஸ்லிப் பக்கத்துலயே 'சிஎஸ்ஆர்'னு ஒரு டேப் இருக்கலாம். மாசம் 500 ரூபாய் சம்பளத்துல பிடிச்சுக்கலாமா, சனிக்கிழமை ஏரி சுத்தம் பண்ண வர்றீங்களான்னு கேட்கும். தாராளமா டிக் அடிங்க. ஆனா அந்தப் பணம் சாஃப்ட்வேருக்குள்ள எங்க போய் உட்காருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அடிங்க.

முதல்ல சட்டம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டாலே போதும். கடந்த 3 வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதத்தைக் கம்பெனி சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். சராசரி 10 கோடின்னா 20 லட்சம். இது கம்பெனியோட பணம். உங்க சம்பளத்துல பிடிச்சது இதுல ஒரு ரூபாய்கூட சேராது. ஏரியில நீங்க குப்பை அள்ளின 4 மணி நேரத்துக்கு விலை போட்டும் சேர்க்க முடியாது.

"நீங்க 500 போட்டா நாங்களும் 500 போடுவோம்"னு சில கம்பெனி சொல்லும். அப்போ கம்பெனி போட்ட 500 மட்டும்தான், அதுவும் தகுதியான பணிக்குப் போனா, சிஎஸ்ஆர். ரெண்டையும் ஒரே லெட்ஜர்ல போட்டா 1,000 ரூபாயும் கம்பெனி செலவு மாதிரி தெரியும். ஆடிட்ல நாங்க முதல்ல தேடுறதே இதைத்தான்.

அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. இந்த வேலை உங்க தலையில விழுந்தா, பெரிய சாஃப்ட்வேர் வாங்கித்தான் ஆகணும்னு இல்ல. டேலியிலேயே 'சிஎஸ்ஆர்'னு ஒரு காஸ்ட் கேட்டகரி, ஒவ்வொரு பணிக்கும் ஒரு காஸ்ட் சென்டர் போட்டாலே பாதி வேலை முடிஞ்சது. தனி சாஃப்ட்வேர் வாங்கினா அதோட சந்தாவை கவனிங்க. பொதுவான நிர்வாகத்துக்குன்னா அது நிர்வாகச் செலவு. அது மொத்த சிஎஸ்ஆர் செலவுல 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 லட்சத்துக்கு 1 லட்சம். ஒரு குறிப்பிட்ட பணியைக் கண்காணிக்க மட்டும்னா அந்தப் பணியோட செலவுலயே வரும். விற்க வர்றவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் மார்ச் 31. அன்னைக்கு அவசரமா ஒரு டிரஸ்டுக்குப் பணம் அனுப்பிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பணம் ஒப்புதலான பணிக்குத்தான் செலவாச்சுன்னு சிஎஃப்ஓ சான்று தரணும். பழைய தேதி போட்டு என்ட்ரியை மாத்துறதும் நடக்காது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளோட கணக்கு சாஃப்ட்வேர்ல எடிட் லாக் கட்டாயம். யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு அப்படியே நிற்கும். மாத்தச் சொன்னவர் பேரு இல்ல, மாத்தினவர் பேருதான் நிற்கும்!

சரி, உங்க 500-க்கு வருவோம். வருஷத்துக்கு 6,000. 50 சதவீதக் கழிவு உள்ள டிரஸ்ட், நீங்க பழைய வரி முறையில 20 சதவீத ஸ்லாப் என்றால், 3,000 ரூபாய்க்கு நன்கொடைக் கழிவு. செஸ்ஸோட சேர்த்து 624 ரூபாய் மிச்சம். புதிய வரி முறையில பூஜ்யம். 2023-24 முதல் நீங்களா மாத்தலைன்னா புதிய முறைதான். அப்பவும் கொடுங்க, ஆனா வரிக்காக இல்லைன்னு தெரிஞ்சு கொடுங்க.

பழைய முறையில இருக்கிறவங்க எச்.ஆர்.கிட்ட இன்னைக்கே ஒரு கேள்வி கேளுங்க: "டிரஸ்டுக்கு மொத்தமா அனுப்பும்போது எங்க ஒவ்வொருத்தர் பான் நம்பரும் போகுதா?" கம்பெனி பான் மட்டும் போனா டிரஸ்ட் தர்ற நன்கொடைச் சான்றிதழ் படிவம் கம்பெனி பேர்ல வரும். உங்க பேர்ல அது இல்லாம கழிவு கேட்டா சிக்கல்தான். மே 31-க்குள்ள அந்தப் படிவம் வரணும். வரலைன்னா ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடியே துரத்திப் பிடிச்சு வாங்கிடுங்க.