பழைய காருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு பாடம்



கடன் மனு வந்தால் குழுவில் முதலில் கேட்கிற கேள்வி "எதுக்கு?" என்பதுதான். நம் பகுதியில் ஒரு குழுவில் ஓர் அக்கா 40,000 ரூபாய் கேட்டார். எதுக்கு என்றதும், "வீட்டுல நிக்கிற காருக்கு பெயிண்ட் அடிக்கணும்" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது.

அது அவர் அப்பா வைத்திருந்த வெள்ளை அம்பாசடர். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து செய்யப்பட்ட வண்டி. 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அப்பா ஞாபகமாக இருப்பதை விற்க மனசில்லை. ஆனால் கதவின் அடி துருப்பிடித்து உதிர்கிறது. பட்டறையில் 45,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

அப்போது குழுத் தலைவி கேட்டார்: "நீ பீரோ பட்டறையில ஆறு வருஷமா தேய்ப்பு வேலை பாக்கிற. நீயே அடிச்சா என்ன?" அக்கா சொன்ன பதில் எங்களை யோசிக்க வைத்தது. "தேய்க்கிறது நாங்க. ஸ்பிரே கன்னை மட்டும் எங்க கையில தரமாட்டாங்க. அதைப் பிடிக்கிறவருக்கு எங்களைப் போல ரெண்டு மடங்கு கூலி."

குழு பேசி முடிவெடுத்தது. 40,000 இல்லை, 15,000 ரூபாய். அதுவும் இரண்டு தவணையாக. சொந்தக் காரில் கற்றுக்கொள்ளட்டும், தப்பினால் அடுத்தவர் பொருள் கெடாது என்பது குழுவின் கணக்கு. அந்த ஏழு வாரம் நாங்களும் போய்ப் பார்த்து எழுதி வைத்ததையே இங்கே பாடமாகத் தருகிறோம்.

முதலில் தெரிய வேண்டியது

ஏழு வாரத்தில் பெயிண்ட் அடித்தது மூன்று காலைப் பொழுதுகள் மட்டுமே. மற்ற நாளெல்லாம் கழுவுவது, துரு எடுப்பது, பட்டி வைப்பது, தேய்ப்பது. பெயிண்ட் எதையும் மறைக்காது. அடியில் உள்ள பள்ளத்தையும் கீறலையும் பளபளப்பு இன்னும் எடுத்துக் காட்டும். எனவே பெயிண்டை கடைசி வேலையாக நினையுங்கள்.

1. எந்த பெயிண்ட்?

பட்டறைகளில் இப்போது ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு. பெயிண்ட் அதிகம். நன்றாக உழைக்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாய் வழியாக வரும் முகக்கவசம் இல்லாமல் அதை அடிக்கக்கூடாது. அக்காவின் சின்ன மகளுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. ஆகவே பி.யு. வேண்டாம் என்று முடிவானது.

அவர் எடுத்தது என்.சி. பெயிண்ட். சீக்கிரம் காயும். தப்பு வந்தால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பழகுபவருக்கு ஏற்றது. இதற்கும் காற்றோட்டமும் நல்ல முகக்கவசமும் கட்டாயம் வேண்டும்.

பழைய பெயிண்ட் எந்த வகை என்று பார்க்க, மறைவான ஓர் இடத்தில் தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. வகை. எனாமல் பூச்சாக இருந்தால் அதன் மேல் நேராக என்.சி. அடிக்கக்கூடாது, தின்னர் பட்டு எனாமல் சுருங்கி எழும்பிவிடும். பிரைமர், சர்ஃபேசர், பெயிண்ட், தின்னர் நான்கும் ஒன்றுக்கொன்று சேருமா என்று கடையில் கேட்டே வாங்குங்கள்.

நிறத்தை மாற்ற ஆசை வரும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் எழுதியிருக்கிறது. மாற்றுவதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்க வேண்டும். அக்கா வெள்ளையிலேயே நின்றுவிட்டார்.

2. துருவைத் தேடுவது

கதவின் அடிவிளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், சக்கரத்துக்கு மேல் வளைவு, கண்ணாடி ரப்பரைச் சுற்றி: தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் பாருங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய சிறு ஓட்டைகள் உண்டு. அவை மண்ணால் அடைத்திருந்தால்தான் கதவு உள்ளிருந்து அரிக்கும். முதல் வேலையாக அவற்றைத் திறந்துவிடுங்கள்.

துருவை 80 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று தகடு தெரியும் வரை எடுக்க வேண்டும். கை வைத்தால் ஓட்டை விழும் அளவு அரித்திருந்தால் பட்டியால் அடைக்காதீர்கள். வெல்டிங் வைத்துப் புதுத் தகடு போட வேண்டும். அக்கா இரண்டு கதவுக்கு இப்படி வெளியே கொடுத்தார். தகடு தெரிந்த இடத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு ராத்திரி விட்டாலே மறுபடி துரு பிடிக்கும்.

3. பட்டியும் தேய்ப்பும்

பள்ளத்துக்கு ஹார்டனர் கலக்கும் பட்டி; ஊசிக் குழிகளுக்கு மட்டும் என்.சி. பட்டி, அதுவும் மெல்லிசாக. கனமாக வைத்தால் காய்ந்து உள்வாங்கும். ஹார்டனர் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சி அடியில் துரு கட்டும். முகக்கவசம் போட்டு, மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாகும்.

பழைய பெயிண்டைத் தேய்ப்பது வேறு. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய காருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே தண்ணீர் விட்டே தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. தேய்த்த சேற்றைத் துணியால் துடைத்து அள்ளுங்கள். கிணற்றுப் பக்கமோ தோட்டத்துக்கோ விடாதீர்கள். சாப்பிடும் முன் கைகழுவி, அந்தத் துணிமணிகளைத் தனியாகத் துவையுங்கள்.

சாம்பல் நிற சர்ஃபேசர் காய்ந்ததும் அக்கா ஒரு வித்தை செய்தார். கறுப்பு பெயிண்டை லேசாகத் தூவினாற்போல் அடித்துவிட்டு, 400 நம்பர் தாளில் தேய்த்தார். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும். எங்கே கறுப்பு மிஞ்சி நிற்கிறதோ அங்கே பள்ளம். கண்ணுக்குத் தெரியாத குறையெல்லாம் வெளியே வந்தது. பிறகு 600, 800 என்று போக வேண்டும்.

4. ஸ்பிரே கன் பிடிப்பது

முதலில் பழைய தகரத்தில் பழகுங்கள். அக்கா ஒரு வாரம் பழைய பீரோ கதவில் அடித்தார். ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூடுதல் தின்னர். டப்பாவில் எழுதியிருப்பதே முடிவு. வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். கன்னுக்கும் தகட்டுக்கும் 6 முதல் 8 அங்குலம் இடைவெளி. மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் கை முழுவதும் தகட்டுக்கு இணையாகப் போகணும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். கிட்டே பிடித்தால் வழியும். தூரப் பிடித்தால் எலுமிச்சைத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகும். மெல்லிசாக நாலைந்து பூச்சு, இடையில் 10 முதல் 15 நிமிடம்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி நிற்கும். ஆகவே அடிக்கும் முன் துடைத்த இடத்தில் வெறுங்கை வைக்கக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்தால் வேலை போச்சு!

5. இரண்டு தவறுகள்

முதல் தவறு எங்களுடையது. கொரோனா காலத்துத் துணி முகமூடி போதும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். பழகின முதல் நாளே அக்காவுக்குத் தலைசுற்றல். துணி தூசியை ஓரளவு நிறுத்தும். தின்னர் ஆவியை நிறுத்தாது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள கார்ட்ரிட்ஜ் முகக்கவசம் வேண்டும். கடனின் இரண்டாம் தவணையில் முதலில் வாங்கியது அதைத்தான்.

இரண்டாவது, மாசி மாதம் காலை 7 மணிக்குப் பனி ஈரம் காயும் முன்னே பானெட்டுக்கு அடித்தது. பத்து நிமிடத்தில் பளபளப்பு போய்ப் புகை படிந்த மாதிரி மங்கிவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிரும். குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, காற்றின் ஈரம் பெயிண்டில் படியும். அக்கா உட்கார்ந்து அழுதுவிட்டார். நாலு நாள் வேலை. பிறகு காய்ந்த வெயில் நாளில், பத்து மணிக்கு மேல் நிழலில், மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்து மறுபடி அடித்தார். சரியாகிவிட்டது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

6. தீ எச்சரிக்கை

தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவி சமையல்கட்டு வரை போகும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் அருகில் கூடாது. கம்ப்ரசர் மோட்டாரில் பொறி வரும். அதை நீளக் குழாய் போட்டுத் தள்ளி வையுங்கள். மூடிய அறையில் அடிக்காதீர்கள். தொங்கும் முந்தானை வேண்டாம். தின்னர் துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

முடிவில்

ஒரு வாரம் காயவிட்டு 1500, 2000 நம்பர் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தார். பட்டறை வேலை போல் இருக்கிறதா என்றால், முழுசாக இல்லை. இடது பின்கதவில் ஒரு வழிசல் இன்னும் தெரிகிறது. "அது இருக்கட்டும்க்கா, நான் எங்க ஆரம்பிச்சேன்னு தெரியணும்ல" என்கிறார்.

பத்து மாதத்தில் கடன் அடைந்தது. வாடகை கம்ப்ரசரை வைத்தே இப்போது ஊரில் பீரோ, கட்டில், இரும்புக் கேட் வேலைகளைத் தானே எடுத்துச் செய்கிறார். பட்டறையிலும் இப்போது ஸ்பிரே கன்னைக் கையில் தருகிறார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர் அவரிடம் கற்றுக்கொள்கிறார்கள்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. துருவை விட்டுவிட்டு மேலே பூசினால் ஒரு மழைக்குத் தாங்காது. குழுவின் நிலுவையை மறைத்து எழுதும் கணக்கும் அப்படித்தான்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் தினக்கூலிக்குப் போகும் உறுப்பினர்களில் யாருக்கு வேலையின் ஒரு பாதி மட்டும் கற்றுத்தரப்படுகிறது? மறுபாதியைக் கற்க என்ன செலவாகும்?

2. "தேவையில்லாத செலவு" என்று நாம் தள்ளிய கடன் மனுக்களில் ஏதாவது ஒரு தொழில் ஒளிந்திருந்ததா?

3. தின்னர், ஆசிட், பசை போன்றவற்றோடு வேலை செய்யும் உறுப்பினர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குச் சரியான முகக்கவசம் இருக்கிறதா?